நிலவில் ஒரு தீவு

கல்கியின் 'மோகினித் தீவு' நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் வரும் ஒரு கணவனும் மனைவியும் போடும் செல்லச் சண்டைதான். 1942இல் பர்மாவிலிருந்து அகதிகளை ஏற்றிவரும் கப்பல், போர் ஆபத்துக்குப் பயந்து ஒரு தீவோரம் ஒதுங்குகிறது. ஆளரவமற்ற மண்டபங்கள், சிற்பங்கள், பால் போல் நிலா. அங்கே எதிர்ப்படும் அந்தத் தம்பதி, பாண்டிய இளவரசி புவனமோகினியும் சோழ இளவரசன் சுகுமாரனும் காதலித்த கதையை மாறி மாறிச் சொல்கிறார்கள். கணவன் ஒன்று சொன்னால் மனைவி திருத்துகிறாள். அவள் சிணுங்கினால் அவன் விட்டுக்கொடுக்கிறான். அந்தக் குரல்களின் இனிமையில், இவர்கள் யார் என்று கேட்கவே மறந்துபோகிறோம். மறந்த நேரம் பார்த்து மெல்ல உடம்பு சிலிர்க்கிறது. ரத்தமும் அலறலும் இல்லாமல் இப்படிச் சிலிர்க்க வைக்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில் ரயிலேறி, பாரிஸின் லா ஷப்பல் தமிழ்க் கடைகளுக்குப் போகும் வழியில் இந்த நாவலை வாசிப்பது தனிச்சுகம். போருக்குத் தப்பி வந்தவர்கள் நிறைந்த இந்த ஊரில், அந்தக் கப்பல் தளத்து நெரிசல் வெறும் கதைப் பின்னணியாகத் தெரிவதில்லை. சின்ன நாவல்தான். அவசரப்படாமல் வாசியுங்கள், கடைசிப் பக்கத்தை மட்டும் முன்கூட்டிப் புரட்டாதீர்கள்.