ஆலோசனை என்னும் சொல்

‘கவுன்சலிங்’ என்றால் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரி இடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. உளவியலில் அதை ‘ஆலோசனை’ ஆக்கினோம். சறுக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது. 1942இல் வந்த தம் நூலில் கார்ல் ரோஜர்ஸ் மறுத்தது, இந்த ஆலோசனை சொல்லும் வழக்கத்தைத்தான்.

எதிர்வாதம் உண்டு. இந்தியச் சூழலுக்குக் குரு–சீட உறவே ஏற்ற முன்மாதிரியாகலாம் என்று 1973இல் எழுதினார் மனநல மருத்துவர் ஜே. எஸ். நெகி. எங்கள் திருவந்திபுரத்துக் குன்றின் பெயர் ஔஷதகிரி. மேலே இருப்பவர் கல்விக் கடவுள் ஹயக்ரீவர். மருந்தும் போதனையும் ஒரே இடத்தில். நெகியின் வாதம் இங்கே சுலபமாகச் செல்லுபடியாகும்.

என்னால் ஏற்க முடியவில்லை. 2004 சுனாமியில் மகனைப் பறிகொடுத்த தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருவர், பல வருஷம் கழித்து, நாமினி பெயரை மாற்றக் கடலூரில் என் கவுன்டருக்கு வந்தார். அதுவரை அவன் பெயரே இருந்திருக்கிறது. “வந்தவங்கல்லாம் தைரியமா இருன்னாங்க. அவன் எப்படி இருப்பான்னு ஒருத்தரும் கேக்கல சார்.”

‘ஆற்றுப்படுத்துதல்’ என்கிறார்கள் சிலர். அது மேல். ஆற்றுப்படையில் வழி சொல்பவன் தானும் பசியோடு அவ்வழி நடந்தவன். குன்றின் மேலிருந்து போதிப்பவன் அல்ல. ஆனால் சொல்லை மாற்றினால் மட்டும் காது திறந்துவிடாது. அன்று நானும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை. படிவத்தைத்தான் நீட்டினேன்.