பியூரின் என்னும் பேரழகு

மூலக்கூறுகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால், ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். பியூரின்! ஐந்து அணு வளையமும் ஆறு அணு வளையமும் ஒட்டிப் பிறந்த சின்ன உருவம். ஐந்து கார்பன், நான்கு நைட்ரஜன். இதை வைத்துக்கொண்டு இயற்கை ஆடியிருக்கும் ஆட்டம் இருக்கிறதே, அடடா! டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் அடினினும் குவானினும் பியூரின்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியிலும் அதே வளையம். என் ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாஷனின் காஃபீனிலும் அதேதான்!

காஃபீன் மூளையில் செய்யும் வேலையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நாம் விழித்திருக்க விழித்திருக்க, மூளையில் அடினோசின் சேர்கிறது. அதற்கென்று உள்ள ஏற்பிகளில் அது போய் அமர்ந்தால் கண் சொக்கும். அடினோசினும் பியூரின் குடும்பம்தான். ஜாடை ஒத்துப்போவதால், பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போலக் காஃபீன் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. அடினோசினுக்கு உட்கார இடமில்லை, நமக்குத் தூக்கமில்லை. முதல் டிகாஷன் காப்பி உள்ளே இறங்கிய சிறிது நேரத்தில் மண்டைக்குள் விளக்கெரிகிறதே, அந்தச் சுகத்துக்கு இதுதான் காரணம்.

பிறகு கல்லீரலின் முறை. காஃபீனில் தொங்கும் மூன்று மெத்தில்களில் ஒன்றை அது கழற்றுகிறது. பெரும்பகுதி பாராசாந்தீன் ஆகிறது. கொஞ்சம் தியோபுரோமினும் தியோஃபிலினும் கிடைக்கின்றன. முன்னது கோக்கோவின் சரக்கு. பின்னது தேயிலையிலும் உண்டு, ஆஸ்துமாவுக்கு மருந்தாகவும் கொடுக்கிறார்கள். காப்பி மட்டுமே குடித்தவரின் ரத்தத்தில் கோக்கோவும் தேயிலையும்! இதை முதலில் அறிந்த அன்று நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

காஃபீனை 1819இல் பிரித்தெடுத்தவர் ரூங்கே. காப்பிக் கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னவர் மகாகவி கோதே. பியூரினுக்குப் பெயர் வைத்து, 1898இல் அதை ஆய்வகத்தில் உருவாக்கியும் காட்டியவர் எமில் ஃபிஷர். 1902இல் அவருக்கு நோபல் பரிசு. வேறு யாருக்குக் கொடுப்பது!

“காப்பியில் பியூரின் இருக்கிறதாமே, யூரிக் அமிலம் ஏறாதா?” என்று பலர் பயப்படுகிறார்கள். உடலின் சொந்தப் பியூரின்களும் உணவில் வரும் அதே வகைப் பியூரின்களும் சிதைந்தால் யூரிக் அமிலம் வரும். அது மிகுந்து மூட்டில் படிகமானால் கௌட். காஃபீனின் வழி வேறு. அது மெத்தில் ஒட்டிய வேறு பொருள்களாகச் சிறுநீரில் போய்விடும். பீரில்தான் ஈஸ்ட்டின் பியூரின் இருக்கிறது. யூரிக் அமிலம் வெளியேறுவதை ஆல்கஹாலும் தடுக்கிறது. கௌட் உள்ளவர்களே, பீரை விடுங்கள். வேறு காரணத்துக்காக மருத்துவர் தடுக்காதவரை, காப்பியை ரசித்துக் குடியுங்கள்!