லால்மொகர்: நேபாளத்தின் சிவப்பு முத்திரை ஆவணங்கள்

நேபாளத்தில் அஞ்சல்தலை 1881இல்தான் வந்தது. அதற்கு வெகுமுன்பே அரசாணைகளும் அதிகாரிகளின் கடிதங்களும் முத்திரையோடு மலைப்பாதைகளில் போய்வந்தன. நேபாளத்தை ஆண்ட ஷா மன்னர்களின் சிவப்பு முத்திரை பதித்த ஆணைக்கு லால்மொகர் என்று பெயர். நிலக்கொடை, கோயில் மானியம், பதவி நியமனம் எனப் பலவும் இதில் அடங்கும்.

தாள், லோக்தா செடியின் பட்டையிலிருந்து கையால் செய்தது. வெளிச்சத்தில் பிடித்தால் நார்கள் தெரியும். பூச்சி எளிதில் அண்டாது. தேவநாகரி வரிகளின் நடுவே சில இடங்கள் வெறுமையாகக் கிடக்கும். எழுதியவர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மன்னர், தெய்வம் போன்ற பெயர்களை வரியோடு வரியாக எழுதாமல், அவற்றின் இடத்தை வெறுமையாக விட்டு, மரியாதை கருதித் தாளின் உச்சியில் எழுதுவது வழக்கம். இந்த ஆவணங்களைச் சேகரிப்பவரின் கண் முத்திரைக்கு அடுத்து இந்த வெற்றிடங்களுக்கும் உச்சியிலுள்ள பெயர்களுக்கும்தான் போக வேண்டும்.

தேதி பெரும்பாலும் விக்ரம ஆண்டில் இருக்கும். ஏறத்தாழ 57 கழித்தால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். அந்த ஆண்டும் முத்திரைக்குரிய மன்னரின் ஆட்சிக்காலமும் பொருந்தாவிட்டால் சந்தேகப்படலாம். முத்திரையை மட்டும் கத்தரித்து ஒட்டிவைப்பது ஆவணத்தைக் கொல்வதுதான். பழம்பொருள்களை அனுமதியின்றி நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல நேபாளத்தின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. வாங்குபவர் முதலில் அனுமதிச் சீட்டைக் கேட்க வேண்டும்.