கடலில்லா ஊரில் பிறந்தவர் எழுதிய கடல் நூல்

வாடிப்பட்டியில் விலங்கியல் பட்டம் பெற்ற மாணவி ஒருவர், கடல் அறிவியலில் முதுநிலைப் படிப்புப் படிக்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். "கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது, அது கடலோரப் பிள்ளைகள் படிக்கிற படிப்பு அல்லவா?" என்று ஊரார் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு விடை தரும் நூல் ஒன்று உண்டு. ரேச்சல் கார்சன் எழுதி 1951-இல் வெளிவந்த 'தி சீ அரவுண்ட் அஸ்' என்பதே அது. 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்று தமிழில் சொல்லலாம்.

கார்சன் பிறந்த ஸ்பிரிங்டேல், அமெரிக்காவில் கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஆற்றங்கரை ஊர். 1929-இல் கல்லூரிப் படிப்பை முடித்து, உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குச் சென்றபோதுதான் அவர் முதன்முதலாகக் கடலைக் கண்டார். 1932-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேடு கெளுத்தி மீனின் சிறுநீரக வளர்ச்சியைப் பற்றியது! குடும்பச் சுமையால் 1934-இல் மேற்படிப்பைக் கைவிட்டு, பின்னர் அரசு மீன்வளத் துறையில் பணிபுரிந்தார்.

நூலின் சிறப்பு எது? இயற்பியல், வேதியியல், நிலவியல், உயிரியல் ஆகிய நான்கையும் ஒரே கதையாக இணைத்துச் சொல்வதுதான். ஆறுகள் கொணரும் மண்ணும், நுண்ணுயிர்களின் ஓடுகளும் யுகயுகமாகக் கடலடியில் படிவதை விளக்கும் பகுதி மிக அருமையானது.

குறைகளும் உண்டு. பூமியிலிருந்து பிய்ந்து சென்ற பகுதியே சந்திரன் என்றும், அது விட்டுச் சென்ற பள்ளமே பசிபிக் என்றும் அன்று நிலவிய ஊகத்தை நூல் ஏற்றுச் சொல்கிறது. இன்று அறிவியலார் அதை ஏற்பதில்லை. கண்டத்தட்டுகள் நகரும் கொள்கை 1960-களில்தான் நிலைபெற்றது. ஆகவே நூலில் அது இல்லை. அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களுக்குக் கிடைத்த இடம் நம் இந்தியப் பெருங்கடலுக்குக் கிடைக்கவில்லை. இது காலத்தின் குறை. பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்ததே 1959 முதல் 1965 வரையில்தான். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது 1966-இல். எனவே இந்நூலைப் படிப்பவர், பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் நடந்துள்ள ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். அணுக்கழிவுகளைக் கடலில் கொட்டுவதன் ஆபத்தை 1961-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் கார்சன் எடுத்துரைத்தார். புதிய உண்மை வந்ததும் பழைய நூலோடு அதைச் சேர்ப்பது அறிவியலாரின் கடமை அன்றோ?

இனி வாடிப்பட்டி மாணவிக்கு வருவோம். அவ்வூர் வயல்களுக்குப் பாயும் பெரியாற்று நீர், மேற்கே அரபிக் கடலுக்குச் செல்ல வேண்டியது. 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அது கிழக்கே திருப்பப்படுகிறது. வைகையின் வண்டல் 1959 முதல் அணையில் தேங்குகிறது. ஓர் ஆற்றின் நன்னீரும் வண்டலும் கடலுக்குச் செல்வது குறைந்தால், அதன் முகத்துவாரத்து மீன்குஞ்சுகளுக்கும் இறால்களுக்கும் என்ன நேரும்? இது கடல் அறிவியல் கேள்வி. இதைக் கேட்க வாய்க்கால் கரையில் நிற்பவருக்கும் முழு உரிமை உண்டு.