மதிப்பூதியம்

2020 மே மாதக் கடைசியில் ஓர் இணையவழிக் கவியரங்கில் செவிலியரைப் பற்றி ஒரு கவிதை வாசித்தேன். ஊரடங்கு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்நாட்களில் கவிதை எழுதத் தெரிந்த எல்லோரும் ஏதோ ஒரு திரையில் வாசித்துக்கொண்டுதான் இருந்தோம். என் கவிதையில் ஒரு வெள்ளுடைத் தேவதை இருந்தாள். அவள் உறங்குவதில்லை, உண்பதில்லை. தன் குழந்தையைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்துக் கையசைத்துவிட்டு மீண்டும் வார்டுக்குள் போவாள்.

பலரும் பாராட்டினார்கள். மறுநாள் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். முதுகலைத் தமிழும் பி.எட்.டும் முடித்து, தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். அவளுடைய அக்கா நர்சிங் பட்டம் பெற்றவர். அந்த மாதம்தான் அரசு மருத்துவமனையொன்றில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார்.

“கவிதை நல்லா இருந்துச்சும்மா. அக்காவுக்கும் படிச்சுக் காட்டுனேன்” என்றாள்.

அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். தயங்கித்தான் சொன்னாள். “சிரிச்சாம்மா. பிபிஇ கிட்டுக்குள்ள வெள்ளையா கறுப்பான்னு யாருக்குத் தெரியும்னா. சம்பளத்தைப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாதான்னு உங்க அம்மாகிட்ட கேளுன்னா.”

அந்தக் கேள்விக்கு நான் மிகத் தாமதமாக எழுதும் பதில் இது. பெருந்தொற்றுக் காலத்தில் படித்த பெண்கள் தங்கள் ஊருக்குச் செய்த வேலையைப் பற்றி நாம் எழுதியவற்றையும் பேசியவற்றையும், என் கவிதை உட்பட, அவற்றில் புழங்கிய சொற்களைக் கொண்டு படித்துப் பார்க்கிறேன். தமிழ் படித்தவளுக்குக் கைவந்த வழி அதுதான்.

செவிலி என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். நர்ஸ் என்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சங்க அகப்பாடல்களில் வாழ்ந்த ஒருத்தியினுடையது. அங்கே செவிலி தலைவியை வளர்த்த தாய். தோழி அவளுடைய மகள் என்கிறது தொல்காப்பியம். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதி செவிலி கூற்றுப் பத்தோடு தொடங்குகிறது. மணமான மகளின் வீட்டுக்குப் போய்வந்த செவிலி, அங்கே கண்ட இல்லறத்தின் நிறைவை நற்றாயிடம் சொல்லும் பாடல்கள் அவை. உடன்போன மகளைத் தேடிப் பாலை வெயிலில் நடப்பவளும் அவள்தான். இவற்றைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். செவிலிக்குப் பேச்சு நிறைய உண்டு. ஆனால் அவள் பேசுவதெல்லாம் தலைவியைப் பற்றி. அவள் வீடு எது, அவள் உண்டாளா, வளர்த்ததற்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்பவற்றுக்கு நான் படித்த பாடல் எதிலும் விடை கண்டதில்லை.

ஒரு தொழிலுக்கு இந்தப் பெயரை வைத்தபோது அவளுடைய தாய்மையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டோம். தாய்க்குக் கூலி பேசுவது நம் பண்பாட்டில் அசிங்கம். என் தேவதையும் இந்தச் செவிலி வழி வந்தவள்தான். பசியும் தூக்கமும் இல்லாத ஒருத்தியைப் படைத்துவிட்டால் அவளுக்குச் சம்பளமும் தேவையில்லை, வாரவிடுப்பும் தேவையில்லை. இது கவிதை மிகையால் வந்த பிழை என்று தப்பித்துக்கொள்ள முடியவில்லை. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டியது, தட்டுகளைத் தட்டியது. மே 3ஆம் தேதி மருத்துவமனைகளின் மேல் ஹெலிகாப்டர்கள் பூத்தூவின. என் கவிதையும் அந்தப் பூக்களில் ஒரு கைப்பிடி.

அந்தக் கைதட்டலுக்கு உரியவர்களில், 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வேலைக்கு வந்த செவிலியர்களும் இருந்தார்கள். மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரமாவோம் என்று நம்பியிருந்து, அது நடக்காமல் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியவர்கள். பெருந்தொற்று வந்தபோதும் அவர்களில் பலர் ஒப்பந்தத்தில்தான் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தை நான் செய்தியில் பார்த்திருந்தேன். கவிதை எழுத உட்கார்ந்தபோது அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று பிறகு பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உழைப்புக்குத் தரும் பணத்துக்கு நம் அலுவல் தமிழில் உள்ள பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு ஊதியம். குறளில் ஊதியம் என்றால் ஆதாயம். இன்று உழைப்புக்கு ஈடாகப் பெறுவது. ஒப்பந்தச் செவிலியருக்குத் தொகுப்பூதியம். எல்லாவற்றையும் தொகுத்துத் தருவதால் அதில் அகவிலைப்படி கிடையாது. அரசுக் கல்லூரிகளில் தற்காலிகமாகப் பாடம் நடத்துகிறவர்களுக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர்; அவர்கள் பெறுவது மதிப்பூதியம். இவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019இல் யுஜிசி சொன்னது. தமிழ்நாட்டில் அப்போது தந்தது அதில் பாதிகூட இல்லை. பட்டியலின் கடைசியில் இருப்பவர் தன்னார்வலர். அவர் பெறுவது ஊக்கத்தொகை. அங்கே ஊதியம் என்ற சொல்லே விடைபெற்றுவிடுகிறது. படி இறங்க இறங்கப் பணம் குறைகிறது, பெயரில் மரியாதை ஏறுகிறது: கௌரவம், மதிப்பு, ஆர்வம், ஊக்கம். நானும் ஏழு ஆண்டுகள் அந்தக் கௌரவத்தோடு இருந்தவள். முனைவர் பட்டத்தோடு என் பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கடைசிப் படியில் என் மாணவி வந்து நின்ற கதையைச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் அவளுக்குப் பாதிச் சம்பளம் வந்தது. அதன்பிறகு ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்களுக்கு மட்டும்தான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் கணவருடையது. மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டியிருந்தது. ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் வரை தவணைகளுக்கு அவகாசம் தந்தது. வட்டி ஏறுவதை நிறுத்தவில்லை. அவள் நூறு நாள் வேலைக்குப் போய் ஏரிக்கரையில் மண் சுமந்தாள். பக்கத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர் அவளிடம் படித்த பையனின் அம்மா. “டீச்சர், நீங்க நிழல்ல உட்காருங்க, உங்க பங்கையும் நான் வெட்டுறேன்னு சொன்னாங்கம்மா. அதுதான் தாங்க முடியல” என்றாள்.

அந்தப் பையன்தான் அவளைத் திரும்பவும் ஆசிரியையாக்கினான். பள்ளி மூடி எட்டு மாதத்தில் வாசிப்பதை மறந்துவிட்டான் என்று அவன் அம்மா அழுதிருக்கிறார். இவள் தன் வீட்டுத் திண்ணையில் அவனை உட்காரவைத்தாள். ஒருவன் நான்கு பேரானான், பிறகு பதினோரு பேர். பணம் எதுவும் கேட்கவில்லை. சிலர் முருங்கைக்காயும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தை ஒன்றாம் வகுப்பறையையே பார்த்திருக்கவில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், ஒருவரிடம் 20 குழந்தைகள் வரை. தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்பும், ஆறு முதல் எட்டு வரை கற்பிக்கப் பட்டப்படிப்பும் தகுதி. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். என் மாணவியின் திண்ணை அரசுத் திட்டத்துக்குள் வந்தது.

இந்தத் திட்டத்தைக் குறை சொல்வது எனக்கு எளிதாக இல்லை. அதனால் குழந்தைகள் மீண்டும் எழுத்தைக் கண்டுகொண்டதை என் கண்ணால் பார்த்தேன். என் கேள்வி வேறொன்று. முதுகலையும் பி.எட்.டும் படித்தவரின் உழைப்புக்கு 1,000 ரூபாய் என்பதை நாம் எல்லோரும் எப்படி அவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டோம்? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான பழைய திருமண உதவித் திட்டத்தில், பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் உண்டு. என் மாணவியும் அதைப் பெற்றவள்தான். அவளுடைய பட்டத்துக்கு மதிப்புண்டு என்று அரசுக்கும் தெரியும். தாலியில் தெரிந்த அந்த மதிப்பு கரும்பலகையில் தெரியாமல் போனது ஏன்? படித்த பெண்ணின் நேரம் எப்படியும் வீட்டில் வீணாகத்தான் கிடக்கிறது, அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன என்ற பழைய கணக்கு இதற்குள் இருக்கிறது. தன்னார்வலர் என்ற சொல் அந்தக் கணக்குக்கு நல்ல உறை.

இதையெல்லாம் அவளிடம் சூடாகச் சொன்னேன். அவள் சொன்ன பதில்தான் என் வாதத்தைத் திரும்பப் பார்க்க வைத்தது.

“வேலைக்குப் போறேன்னா எங்க மாமியார் விடமாட்டாங்கம்மா. ஸ்கூலுக்குப் போனப்பவே ஆயிரம் பேச்சு. இப்ப புள்ளைங்களுக்குச் சேவையா சொல்லித்தர்றேன்னதும் அஞ்சு மணிக்கு அவங்களே அடுப்பைப் பாத்துக்கிறாங்க. நீங்க அந்தச் சொல்லையும் புடுங்கிட்டா நான் எதைச் சொல்லிட்டு வெளியில வர்றது?”

பெண்ணியவாதிகள் பலர், நான் உட்பட, இந்த இடத்தைக் கடந்து போய்விடுகிறோம். சேவை என்ற சொல் பெண்ணின் கூலியைத் தின்கிறது. அதே சொல்தான் அவளுக்குக் கதவையும் திறந்துவிடுகிறது. அவள் தெருவில் டீச்சராக நடந்தாள். கூட்டங்களில் பேசினாள். ஊர்ப் பெரியவர்கள் அவளிடம் மனு எழுதித்தரக் கேட்டு வந்தார்கள். அவளுக்கு அதில் பெருமை இருந்தது, அது பொய்யான பெருமையும் இல்லை. அந்தச் சொல்லை அவள் ஏமாந்து ஏற்றுக்கொள்ளவில்லை. விலை தெரிந்துதான் வாங்கியிருக்கிறாள். வெளியே வருவதற்கான அனுமதியைத் தன் கூலியைக் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்பதே நாம் பேச வேண்டியது. அனுமதி கேட்கத் தேவையில்லாத ஓர் ஆண் பட்டதாரியை மாதம் 1,000 ரூபாய்க்கு அழைத்துப் பார்த்தால் அந்த விலை நமக்கும் விளங்கும்.

இன்னொரு சொல்லும் உண்டு: சமாளித்தல். அந்த ஆண்டுகளில் நான் பங்கெடுத்த இணையக் கருத்தரங்குகளில் பெண்களிடம் தவறாமல் கேட்கப்பட்ட கேள்வி, “எப்படிச் சமாளித்தீர்கள்?” நானே நெறியாளராக இருந்து அதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் தியானம், தோட்டம், வாசிப்பு என்று சொல்வதைக் குறித்துக்கொண்டோம். என் மாணவியிடம் கேட்டபோது அவள் ஆட்களின் பெயர்களைச் சொன்னாள். அம்மா கொடுத்த வளையலை அடகுவைத்தது, அடுத்த வீட்டு அக்கா தன் குழந்தையையும் சேர்த்துக் குளிப்பாட்டியது, செவிலியர் அக்கா தனக்கு வந்த சம்பளத்தில் 2,000 அனுப்பியது. ஒருத்தியின் மனவலிமை என்று நாம் எழுதிவைப்பது பல பெண்களின் கணக்கில் எழுதப்படாத கடன். அந்த அக்காவோ அப்போது தனிமைப்படுத்தல் முடிந்து வீட்டுக்குப் போனவர், வாடகை வீட்டுக்காரர் கதவைத் திறக்காததால் ஒரு ராத்திரி பேருந்து நிலையத்தில் இருந்திருக்கிறார். அதையும் அவர் “சமாளிச்சுட்டேன்” என்றுதான் சொன்னாராம்.

2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு, பெருந்தொற்றுக்காக எடுக்கப்பட்ட ஈராயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. அவர்களில் அந்த அக்காவும் ஒருவர். 2023இன் முதல் நாட்களில் அவர்கள் பல ஊர்களில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக வேறு பணி தருவதாக அரசு சொன்னது. அதுவும் நிரந்தரப் பணி இல்லை. அந்த வாரம் என்னை யாரும் கவியரங்கத்துக்கு அழைக்கவில்லை. நானாகவும் ஒரு வரி எழுதவில்லை. தேவதைகளைப் பாடத் தெரிந்த எனக்கு, வேலை போன பெண்களைப் பற்றி எழுத ஒரு சொல்கூட வரவில்லை.

போன ஆண்டு என் மாணவி வேறொரு பள்ளிக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் கேட்டாள். ‘பெருந்தொற்றுக் காலத்தில் தன்னலமற்ற சேவை புரிந்தவர், எதையும் சமாளிக்கும் திறன் உள்ளவர்’ என்று என் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துவிட்டு, ‘ஆசிரியராகப் பாடம் நடத்தினார், இதற்கு மாதம் 1,000 ரூபாய் பெற்றார்’ என்று எழுதி அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

“பாடம் நடத்தினார்னு போட்டது சரிம்மா. அந்த ஆயிரத்தை மட்டும் எடுத்துடுங்க. அதைப் பாத்தா எனக்கு அதே சம்பளத்தைத்தான் பேசுவாங்க.”

எடுத்துவிட்டேன். அது அவளுடைய கடிதம். அந்தத் தொகை எழுதப்பட வேண்டிய இடம் என் கவிதையாக இருந்திருக்க வேண்டும். அங்கே எழுதாததால் இங்கே எழுதுகிறேன்.