நாட் விமான மாதிரி: பசை இடுமுன் அளந்து பாருங்கள்

மாதிரி விமானப் பெட்டி கைக்கு வந்ததும் பசைப் புட்டியைத் தேடுவது நம் எல்லோருக்கும் உள்ள அவசரம். இம்முறை சற்றுப் பொறுங்கள். இந்தப் பசை வெறுமனே ஒட்டுவதில்லை. பாலிஸ்டைரீனைக் கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. பிறகு பிரிக்க வழியில்லை. ஆகவே சோதனைகள் எல்லாம் அதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

இங்கே நாம் மதிப்பிட எடுத்துக்கொள்வது, பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் உண்மை விமானத்தின் 72-இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்ட ‘நாட்’ விமானம். நாட் என்றால் கொசு போன்ற சிறு பூச்சி. விமானமும் அதற்கேற்பச் சிறியதுதான். 1965 முதல் 1979 வரை ‘ரெட் ஆரோஸ்’ சாகசக் குழுவினர் செந்நிற நாட் விமானங்களில் பறந்தார்கள். பிரிட்டிஷ் சிறுவர்கள் இந்தப் பெட்டியை விரும்பியதற்கு அந்தச் செந்நிறமே காரணம். நம் வாசகர்கள் விரும்புவதற்குக் காரணம் வேறு. 1965, 1971 போர்களில் நம் விமானப்படை இந்தச் சிறு விமானத்தைக் கொண்டு சேபர் விமானங்களை எதிர்த்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரின் வானில் போரிட்டு மடிந்து பரம் வீர் சக்கரம் பெற்ற நிர்மல் ஜித் சிங் சேகோன் ஓட்டியதும் நாட் விமானமே. பெங்களூரில் உரிமம் பெற்று அதைக் கட்டியும் இருக்கிறோம்.

இந்தப் பெட்டிக்குள் இருப்பது அந்த விமானம்தானா என்பதே முதற் கேள்வி. விடை, இல்லை என்பதுதான்.

பெயருக்குப் பின்னால் வரும் ‘டி.1’ என்ற குறியைக் கவனியுங்கள். ‘டி’ என்பது டிரெய்னர், அதாவது பயிற்சி விமானம். முன்னும் பின்னுமாக இருவர் அமரும் இவ்வகையைத்தான் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியது. நம் படையில் இருந்தது ‘எஃப்.1’ என்னும் ஒற்றை இருக்கைப் போர் விமானம். “ஓர் இருக்கை கூட, அவ்வளவுதானே? கண்ணாடிக் கூண்டை மாற்றினால் போகிறது!” என்று நீங்கள் கேட்கலாம். வெர்னியர் அளவுகோலை எடுங்கள்.

எஃப்.1 விமானத்தின் இறக்கை வீச்சு 6.73 மீட்டர், நீளம் 8.74 மீட்டர். டி.1 விமானத்தின் வீச்சு 7.32 மீட்டர், நீளம் 9.68 மீட்டர். இவற்றை 72-ஆல் வகுத்தால் போர் விமானத்துக்கு வீச்சு 93.5 மில்லிமீட்டர், நீளம் 121.4 மில்லிமீட்டர் என்றும், பயிற்சி விமானத்துக்கு முறையே 101.7, 134.4 என்றும் கிடைக்கின்றன. இறக்கைகள் கீழ்நோக்கிச் சரிந்தவை. ஆதலால் சரிவின் வழியே அளக்காமல், முனைக்கு முனை நேர்கோட்டில் அளக்க வேண்டும். அளப்பதில் அரை மில்லிமீட்டர் பிழை நேரலாம். எட்டு மில்லிமீட்டர் வேறுபாட்டை அளவைப் பிழை என்று தள்ள முடியாது. பரப்பு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. போர் விமானத்தின் இறக்கைப் பரப்பு 136.6 சதுர அடி, பயிற்சி விமானத்துடையது 175. நாலில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல்! போர் விமானத்தில் காற்று உள்வாயின் இருபுறமும் இருந்த 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் பயிற்சி விமானத்தில் கிடையா. கூண்டை மாற்றி இவற்றையெல்லாம் சரிக்கட்ட இயலாது.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. மூவண்ண வட்டங்கள் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் தனியே விற்கின்றன. அவற்றை இந்த இரட்டை இருக்கை விமானத்தின் மேல் ஒட்டி, ‘1965 போரில் வென்ற விமானம்’ என்று அட்டை எழுதிப் பள்ளிக் கண்காட்சியில் வைத்தால், பார்க்கும் மாணவன் நம் படையில் ஒருபோதும் இல்லாத விமானத்தை மனத்தில் பதித்துக்கொண்டு போகிறான். போர் விமானந்தான் வேண்டும் என்பவர்கள் செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி நிறுவனத்தின் பெட்டிகளைத் தேடலாம். ஒற்றை இருக்கை நாட் விமானத்தையும், அதிலிருந்து நாம் உருவாக்கிய அஜீத்தையும் அவர்கள் இதே அளவில் வெளியிட்டிருக்கிறார்கள்.

செந்நிறப் பயிற்சி விமானமே போதும் என்றால் மேலே பார்ப்போம். இறக்கையின் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் தடித்திருந்தால் உண்மை விமானத்தில் அது 36 மில்லிமீட்டர். தகட்டு இணைப்புக் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றால் அங்கே அது 14 மில்லிமீட்டருக்கும் மேல், விரல் நுழையும் பிளவு! இதற்காக எந்த நிறுவனத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். உருகிய பிளாஸ்டிக் மிகக் குறுகிய இடைவெளியில் ஓடும்போது, குளிர்ந்த உலோக அச்சைத் தொட்டு, விளிம்பை எட்டுமுன்பே உறைந்துவிடக்கூடும். உட்புறத்தை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்குவது நம் வேலை. தடித்த பகுதிகளின் மேற்பரப்பில் சிறு குழிவு தெரிந்தால், உள்ளே மெதுவாகக் குளிர்ந்த பிளாஸ்டிக் சுருங்கி மேற்பரப்பை இழுத்ததன் அடையாளம் அது. கண்ணால் பார்ப்பதைவிடச் சாய்வான விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் உடனே தெரியும்.

பலரும் மறந்துபோவது ஈர்ப்பு மையத்தை. மூக்குச் சக்கரம் உள்ள விமானம் சக்கரங்களில் நிற்க வேண்டுமானால், அதன் ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் விழ வேண்டும். உண்மை விமானத்தில் வடிவமைப்பாளர் பெட்டர் எடைகளைப் பார்த்துப் பங்கிட்டு இதை அமைத்தார். மாதிரியிலோ எல்லாம் ஒரே அடர்த்தியுள்ள பிளாஸ்டிக்; மூக்கு வெறும் கூடு, வாலிலோ கெட்டித் துடுப்புகள். ஆகவே துண்டுகளை ஒட்டுநாடாவால் தற்காலிகமாகச் சேர்த்து, முதன்மைச் சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு பென்சில் மேல் வைத்துப் பாருங்கள். வால் தாழ்கிறதா? மாதிரி 10 கிராம் எடையும், ஈர்ப்பு மையம் பென்சிலுக்கு 4 மில்லிமீட்டர் பின்னாலும் இருப்பதாகக் கொள்வோம். திருப்புத்திறன் 40 கிராம் மில்லிமீட்டர். மூக்கில் 40 மில்லிமீட்டர் தூரத்தில் ஒரு கிராம் வைத்தால் சமன் ஆகும். இரண்டு கிராம் வைத்தால் உறுதியாக நிற்கும். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு இதற்குப் போதும். அதை உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டுமுன் உள்ளே வைத்துவிடுங்கள்.

பறக்கும் நிலையில் தாங்கி மேல் வைப்பவர்களுக்கு ஈயம் தேவையில்லை. சக்கரக் கதவுகளை மூடித்தான் ஒட்ட வேண்டும் என்பதும் இல்லை. நாட் விமானத்தில் சக்கரங்களைப் பாதி இறக்கினால் அவையும் கதவுகளும் சேர்ந்து காற்றுத் தடையாகும். வேகத்தைக் குறைக்கத் தனித் தகடு கிடையாது. அந்தப் பாதி நிலையில் கதவுகளை ஒட்டினால், வேகத்தைக் குறைத்துக்கொண்டு பறக்கும் நாட் உங்கள் மேசை மேல் நிற்கும்.