கலர் லேபின் ஒற்றை விதி

கல்யாண ஆல்பம் போடும் கலர் லேப்கள் பெரும்பாலும் போட்டோகிராஃபர்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஜேபெக் ஃபைல், எஸ்ஆர்ஜிபி புரொஃபைல், 300 டிபிஐ. இது சரியா என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால், "எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள்" என்கிறார்கள் சிலர். "ஜேபெக்கில் பிரிண்ட் போட்டால் தரம் போய்விடும்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் பாதி உண்மை. லேபுக்கு ஃபைலை அனுப்பும் கடைசிக் கட்டத்துக்கு இந்த விதி நன்றாகவே பொருந்துகிறது. படம் எடுப்பதிலிருந்து எடிட்டிங்வரை எல்லாவற்றுக்கும் அதையே நீட்டியதில்தான் கெடுதல் வந்தது.

விதியின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளி, 1999-இல் சர்வதேசத் தரமாயிற்று. அன்றைய சாதாரணக் கணினித் திரை காட்டக்கூடிய நிறங்களே அதன் எல்லை. எல்லை குறுகியதுதான், ஆனால் அதைப் புரிந்துகொள்ளாத சாதனம் கிடையாது. ஃபைலில் புரொஃபைல் இல்லாமல் போனாலும் பெரும்பாலான மெஷின்கள் அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படங்கள் அடிபடுவது அங்கேதான். அந்த ஃபைலில் அடர்ந்த பச்சையைக் குறிக்கும் எண்ணை, புரொஃபைலைக் கவனிக்காத மெஷின் மங்கிய பச்சையாகப் படிக்கும். தோரணமும் வாழைமரமும் வெளிறிப்போகும், முகங்கள் உயிரற்றுத் தெரியும். நாள் முழுக்க ஆர்டர்கள் வந்துகொண்டே இருக்கும் லேபில் இந்தத் தவறு நேராமல் காப்பது பெரிய உதவி.

அச்சு என்றாலே நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே என்று நம்பி, பக்கங்களை அதற்கு மாற்றி அனுப்பும் டிசைனர்கள் இன்றும் உண்டு. சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் ஓடும் காலண்டருக்கு அது சரி. ஆனால் லேபின் போட்டோ பேப்பரில் மை கிடையாது. சிவப்பு, பச்சை, நீல லேசர் ஒளி விழுந்து, பிறகு ரசாயனத்தில் கழுவித்தான் படம் எழும்புகிறது. அந்த மெஷினுக்குத் தேவை ஆர்ஜிபி. முன்கூட்டியே சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் பேப்பர் தரக்கூடிய நிறங்களையும் சேர்த்து நாமே வெட்டி எறிகிறோம். மை போடும் டிஜிட்டல் பிரஸ்ஸில் அடிக்கும் ஆல்பமானாலும், அந்த மெஷினின் புரொஃபைல் கையில் இல்லாதவரை மாற்றும் வேலையை அச்சிடுபவரிடம் விடுவதே நல்லது.

ஜேபெக்கின் மேல் சொல்லப்படும் பழியிலும் மிகை இருக்கிறது. 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட் ஒன்று 300 டிபிஐயில் 3,600க்கு 10,800 பிக்சல். சுருக்காத 8 பிட் டிஃப்பாக வைத்தால் ஒரு ஷீட்டே நூறு எம்பியைத் தாண்டும். எடிட்டிங் எல்லாம் முடிந்தபின் உயர்தரத்தில் ஒரே ஒருமுறை ஜேபெக்காகச் சேமித்தால், அச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. முகூர்த்தப் புடவையை எடுத்துக்கொள்வோம். அரக்குச் சிவப்புப் பட்டின்மேல் வீடியோ லைட் விழுகிறது. கேமராவை ஜேபெக்கில் வைத்து எடுத்தால் அந்தச் சிவப்பு எஸ்ஆர்ஜிபியின் ஓரத்தில் போய் முட்டிக்கொள்ளும். சிவப்புச் சேனல் 255-இல் நிற்கும்; பச்சையும் நீலமும் பூஜ்யத்தை ஒட்டிவிடும். மடிப்புகளும் புட்டாக்களும் அந்த இடத்தில் கலந்து ஒரே சிவப்புப் பரப்பாகிவிடும். நெய்தவரின் உழைப்பெல்லாம் அங்கே அழிந்துபோகிறது. அதைப் பிறகு எந்த எடிட்டராலும் மீட்க முடியாது. கேமராவில் அடோபி ஆர்ஜிபிக்கு மாறினாலும் பெரிய பலன் இல்லை. அதன் சிவப்பு மூலநிறமும் எஸ்ஆர்ஜிபியின் சிவப்பும் ஒன்றே. அது கூடுதலாகத் தருவது பச்சை, மயில்கழுத்து வகை நிறங்களைத்தான். கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா ஃபைலாக எடுத்து, 16 பிட்டில், புரோஃபோட்டோ ஆர்ஜிபி போன்ற விரிந்த வெளியில் வைத்துச் சிவப்பைப் பக்குவமாக இறக்கி, அதன்பிறகு எஸ்ஆர்ஜிபிக்குள் கொண்டுவந்தால் மடிப்பு மடிப்பாகவே நிற்கும்.

கடற்கரையில் எடுக்கும் அந்தி வானத்துக்கும் இதே கதிதான். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகளே உண்டு. அதன்மேல் கர்வ்ஸ், கான்ட்ராஸ்ட் என்று இழுக்க இழுக்க வானம் பட்டை பட்டையாக உடையும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஜேபெக்கைத் திறந்து திறந்து சேமித்தால், எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகச் சுருக்கும் அதன் முறையே ஜரிகை ஓரங்களில் அழுக்குபோல் வெளிப்படும்.

எடிட்டிங் முடிந்து எஸ்ஆர்ஜிபிக்கு வரும் இடத்திலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. போட்டோஷாப்பில் 'அசைன் புரொஃபைல்', 'கன்வெர்ட் டு புரொஃபைல்' என்று இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது எண்களை அப்படியே விட்டு அவற்றின் பொருளை மட்டும் மாற்றும், நிறம் கெடும். இரண்டாவது நிறத்தைக் கூடியவரை காப்பாற்றி எண்களை மாற்றும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஐபோனின் ஹெச்ஈஐசி படத்தைப் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதி அனுப்புவதும் இதே வகைத் தவறு. உள்ளே இருப்பது ஹெச்ஈஐசிதான். நிறமும் டிஸ்ப்ளே பி3 என்ற வேறு எல்லைக்கு எழுதப்பட்டது. முறைப்படி மாற்றினால் ஒழிய லேபில் அது திறக்காது, திறந்தாலும் நிறத்துக்கு உத்தரவாதம் இல்லை.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது லேப்களின் மௌனம். ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு பேப்பரும் நிறத்தை வெவ்வேறாகத் தரும். அந்த வேறுபாட்டை எழுதி வைப்பதற்கென்றே 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐசிசி என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்பைத் தொடங்கின. அந்த முறைப்படி லேப் தன் மெஷினுக்கும் பேப்பருக்குமான புரொஃபைலைக் கொடுத்தால், அச்சில் புடவை எப்படி வரும் என்பதைச் சீரமைத்த திரையிலேயே ஏறக்குறைய பார்த்துவிடலாம். அதைத் தரும் லேப்கள் இருக்கின்றன. பல லேப்கள் தருவதில்லை. "எஸ்ஆர்ஜிபியில் அனுப்புங்கள், போதும்" என்பதோடு பேச்சு முடிகிறது. அதற்குப் பிறகு ஆபரேட்டர் தன் கணிப்பில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிறார், சில இடங்களில் மெஷின் தானாகவே செய்கிறது. மாதக்கணக்கில் எடிட் செய்த நிறம் அந்தச் சில நொடிகளில் மாறிவிடுகிறது. ஃபைல் அனுப்புகிறவருக்கு மட்டும் விதி வைத்துவிட்டு, அச்சிடுகிறவர் எதற்கும் கட்டுப்படாமல் இருப்பது நியாயமில்லை.

எனவே போட்டோகிராஃபர்களிடம் என் வேண்டுகோள் இது. எஸ்ஆர்ஜிபி ஜேபெக்கையே அனுப்புங்கள், ஆனால் அதைக் கடைசியில் மட்டும் உருவாக்குங்கள். ராவையும் 16 பிட் டிஃப்பையும் அழிக்காதீர்கள். அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது லேபில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பேப்பருக்கு ஐசிசி புரொஃபைல் தருவீர்களா, கரெக்‌ஷன் இல்லாமல் அடித்துத் தருவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்கிற லேபுக்கு ஷீட்டுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.